போன வருஷப் பிலிம் ஒன்று போதும்

முதல் நாள்

1989-இல் நான் அந்தக் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது ஆடியோமீட்டரை அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு வளையல் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் டாக்டர் உட்காருவார். இன்னொன்றில் பிளைவுட் பலகையால் அடித்த கூண்டு ஒன்று. உள்ளே தென்னை நார் மெத்தையை வெட்டி ஒட்டியிருக்கும். அதுதான் சத்தம் புகாத அறை. சத்தம் புகாது என்பது டாக்டரின் நம்பிக்கை. கீழே வளையல் கடையில் நடக்கும் பேரம் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். பௌர்ணமிக்கு முன்தினமே கிரிவலக் கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டு நாளும் டெஸ்ட் கிடையாது என்று போர்டே எழுதி மாட்டியிருந்தோம்.

டாக்டர் அன்று சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

"பாரு கலா, ஹெட்போன்ல சத்தம் குடு. அவங்க பட்டன் அழுத்தினா கேட்டுச்சுன்னு குறி. அழுத்தலன்னா கேக்கலன்னு குறி. பாவம், வயசானவரு, கேட்டிருக்கும்னு நீயா எதையும் போட்டுடாத. உன் ஆசைய எழுதறதுக்கு அந்தத் தாள்ல எடமில்ல."

முப்பது வருஷம் அதை மீறாமல் வேலை பார்த்தேன். ஒரு தாளில்கூடப் பொய்க் குறி போட்டதில்லை. அப்படியிருந்தும் ஒரு மனிதர் காதை இழக்க நானும் ஒரு காரணமாக இருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கபூர் பாய்

நான் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து வந்தார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று ஊருக்குப் பேசுகிற காலம் அது. வயது நாற்பதுக்குள். வலது காது சின்ன வயதிலேயே சீழ் வைத்து, சவ்வு போய், செத்துவிட்டது. இத்தனை வருஷமும் இடது காது ஒன்றை வைத்துத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார். இப்போது அதிலும் கோளாறு.

"ரெண்டு மாசமா காதுக்குள்ள கொசு கத்துது மேடம். சத்தம் கேக்குது. ஆனா இன்னா சொல்றாங்கன்னு புரியல. நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா நம்பர் சொன்னாங்க. போட்டேன். வேற எந்த ஊருக்கோ போய், தூங்கிட்டிருந்த எவனோ எழுந்து கத்தறான். எனக்கு ஒரு எழவும் புரியல. அந்தம்மாதான் சிரிச்சாங்க."

அவரும் சிரித்தார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லுகிற மனிதர்.

டெஸ்ட் வைத்தேன். வெறும் சத்தம் ஓரளவு நன்றாகவே கேட்டது. பிறகு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னேன். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில்தான் தடுமாறினார். சத்தம் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை என்றால் கோளாறு காதில் மட்டும் இல்லாமல், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிலும் இருக்கலாம். டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது அந்த மெஷின் கிடையாது.

பிலிம் வந்தது. நரம்பின் மேல் ஒரு சின்னக் கட்டி. ஒன்பது மில்லிமீட்டர். அக்கூஸ்டிக் நியூரோமா என்பது நாங்கள் சொல்லும் பெயர். புற்றுநோய் கிடையாது.

பாய் கேட்டார். "இது வளருங்களா டாக்டர்?"

"சிலது வளரும். சிலது எத்தன வருஷமானாலும் அப்படியே கெடக்கும். சிலது சுருங்கறதும் உண்டு."

"என்னுது எந்த ஜாதி?"

"அத இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது கபூர். வருஷா வருஷம் படம் எடுத்து அளந்து பாத்தாத்தான் தெரியும். சின்னதா இருக்கும்போதே எடுத்தா காதையும் காப்பாத்த ஒரு வழி இருக்கு. பெருசாயிட்டா உயிரத்தான் பாக்க முடியும், காதப் பாக்க முடியாது. அதுக்குன்னு இப்பவே எடுக்கவும் பயமா இருக்கு. கைய வெச்சா காது போனாலும் போயிடும். உங்களுக்கு இருக்கறதே ஒண்ணு. அதனால வளருதுன்னு தெரிஞ்ச பின்னாடிதான் கத்திய எடுக்கணும்."

பாய் பிலிமைக் கவருக்குள் போட்டார். பிறகு, "அப்ப காவல் காக்கணும்னு சொல்லுங்க. வாட்ச்மேன் யாரு டாக்டர்?" என்றார்.

டாக்டர் என்னைக் கை காட்டினார். "இதோ, நம்ம கலாதான்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

மூட்டை

அடுத்த வருஷம் புதுப் படம் எடுத்துக்கொண்டு பாய் வந்த நாள், பௌர்ணமிக்கு முன்தினம். போர்டைப் பார்த்தும் மேலே ஏறி வந்துவிட்டார். காத்திருப்பு பெஞ்சில் இடமில்லை. ஒரு குழந்தை வாந்தியெடுத்து, அதை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தேன். பாய் கையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பை. அதற்குள் பழைய பிலிம், புதிய பிலிம், வலது காதுக்குச் சின்ன வயதில் பார்த்த சீட்டுகள், எந்தக் காலத்திலோ எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே, எல்லாம். என் மேஜையில் வைத்ததும் பையின் அடி பிய்ந்து அத்தனையும் ஈரத் தரையில் சரிந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று இன்னும் நீண்டது.

"மூட்டை எதுக்கு பாய்? வீடு காலி பண்ணிட்டுப் போறீங்களா? போன வருஷப் பிலிம் ஒண்ணு போதும். அடுத்த தடவைலேர்ந்து அது மட்டும் கொண்டாங்க."

"சரிங்க மேடம். சரிங்க மேடம்."

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டையிலேயே ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு. ஊரே பார்க்கத் திட்டு வாங்கிக்கொண்டு இந்த மனிதர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மா.இ.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. ஒவ்வொரு வருஷமும் பாய் போன வருஷப் பிலிம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுவார். அங்கே அதோடு ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதுவார்கள். திரும்பி வந்ததும் டாக்டர் இரண்டு பிலிமையும், பின்னாலிருந்து விளக்கு எரியும் வியூ பாக்ஸில் மாட்டுவார். ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸின் இரண்டு முனையையும் கட்டியின் இரண்டு ஓரத்தில் வைத்து, பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அளவுகோலில் அளப்பார்.

"ஒரு மில்லி கூடக் காட்டுது. தலைய வெச்ச வாகு மாறினாலே இவ்ளோ வித்தியாசம் வரும். பிழைதான். மாற்றமில்ல."

ஒரு வருஷம் ஒரு மில்லி. ஒரு வருஷம் இரண்டு. அதுவும் பிழைக்குள் அடங்கும். அவர் சொன்னது சரிதான், அன்றைய பிலிம்களில் அவ்வளவு பிழை உண்டு. நான் எங்கள் கார்டில் தேதியைப் போட்டு எதிரே 'மா.இ.' என்று எழுதுவேன். மாற்றமில்லை என்பதன் சுருக்கம். எண்ணை எழுத மாட்டேன். எண்தான் ரிப்போர்ட்டில் இருக்கிறதே, ரிப்போர்ட்டுதான் பிலிம் கவருக்குள் பாய் வீட்டில் இருக்கிறதே!

என் டெஸ்ட்டும் அதே கதைதான். எங்கள் தொழிலில் ஐந்து டெசிபல் ஏறினாலும் இறங்கினாலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. போன வருஷத் தாளைப் பார்ப்பேன். ஐந்து டெசிபல் இறங்கியிருக்கும். அதனாலென்ன? மா.இ.

"மாற்றமில்ல பாய்" என்று நான் சொன்னதும் அவர் செய்வது ஒன்றுதான். படியில் இறங்கிக் கீழே வளையல் கடையில் மகள் ஷாஹினுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்குவார். கட்டி கண்டுபிடித்த வருஷம் அவளுக்கு மூன்று வயது. வருஷா வருஷம் வளையல் அளவு மாறிக்கொண்டே வந்தது. "இப்ப ஒரு சைஸ் ஜாஸ்தி குடுங்க" என்று அவர் கேட்பது மேலே எனக்குக் கேட்கும். குழந்தையின் கை வளர்ந்ததை அளந்துகொண்டிருந்தார். கட்டியை அளக்க வேண்டிய நாங்கள் கோட்டை விட்டோம்.

ஏழு கவர்

ஆறாவது வருஷம் பாய் வரவில்லை. அவர் மனைவி மும்தாஜ் வந்தாள். படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு மூட்டையை அணைத்துக்கொண்டிருந்தாள். சேலைத் துணியால் கட்டிய கட்டு.

"சென்னைக்குப் போய் படம் எடுத்துட்டு வந்தாரு அக்கா. வந்ததுலேர்ந்து நடந்தா தள்ளாடுது. செவுத்தப் புடிச்சிக்கிட்டுதான் நடக்கறாரு. நீ போய் காட்டிட்டு வான்னாரு. எது புதுசு எது பழசுன்னு எனக்குத் தெரியல. அவரு தூங்கறாரு, எழுப்ப மனசு வரல. பீரோ மேல இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன். திட்டாதீங்க."

திட்டுவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார் போலும்.

புதுசு எது, போன வருஷத்தது எது என்று தேட வேண்டி வந்தது. ஏழு கவரையும் தேதி வாரியாக மேஜையில் அடுக்கினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, என்னவோ தோன்றி, முதல் பிலிமை வியூ பாக்ஸில் மாட்டினேன். பக்கத்தில் கடைசிப் பிலிமை மாட்டினேன்.

முதல் படத்தில் பட்டாணி அளவு. கடைசிப் படத்தில் கொட்டைப்பாக்கு.

கவர்களிலிருந்து ரிப்போர்ட்டுகளை உருவி எண்களை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதினேன். ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பதிமூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது. முதல் ரிப்போர்ட்டைத் தவிர எல்லாவற்றின் அடியிலும் ஒரே வாசகம்: முந்தைய படத்துடன் ஒப்பிடக் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஒருவர்கூடப் பொய் எழுதவில்லை. அத்தனையும் உண்மை. அத்தனையும் சேர்ந்து ஒரு பெரிய பொய்.

பிறகு என்னுடைய ஆடியோகிராம் தாள்களை எடுத்தேன். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தன. ஒவ்வொரு படியும் ஐந்து டெசிபல். ஒவ்வொரு படியையும் என் கையாலேயே வரைந்திருக்கிறேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வியூ பாக்ஸ் முன்னால் நின்றார். காம்பஸை எடுக்கவே இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. கட்டி மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தெனம் கண்ணாடி பாக்கறோம் கலா. வயசாவறது தெரியுதா? பழைய போட்டோவ எடுத்துப் பாத்தாத்தானே தெரியுது" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அப்படி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மும்தாஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "மாற்றமில்லதானேக்கா?" என்றாள்.

பதினாறாம் வாய்ப்பாடு

சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இனித் தள்ளிப்போட முடியாது, காது நிச்சயம் போய்விடும் என்று பாயிடமே சொல்லிவிட்டார்கள். போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் கிளினிக்குக்கு வந்தார். ஒரு பக்கம் மும்தாஜ் தாங்கிக்கொண்டாள், இன்னொரு பக்கம் ஷாஹின். நாலாம் வகுப்புப் படிக்கிறாள் அப்போது.

"மேடம், உங்க மெஷின்ல மைக் இருக்குதில்ல? நீங்க பேசினா ஹெட்போன்ல கேக்குதே, அது. சத்தத்த ஜாஸ்தி வெச்சா வீட்ல கேக்கறத விட நல்லா கேக்கும். புள்ளைய அதுல பேச சொல்றீங்களா?"

கூண்டுக்குள் அவரை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன். கதவைச் சாத்தினேன். சின்னக் கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. ஷாஹினை என் ஸ்டூலில் உட்கார வைத்து மைக்கை அவள் வாய்க்கு நேராகத் திருப்பினேன். அவளுக்கு வெட்கம். என்ன பேசுவது என்று தெரியாமல் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன தெரியுமோ சொல்லும்மா."

"வாய்ப்பாடு சொல்லட்டா? அத்தாதான் சொல்லிக் குடுத்தாரு."

பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் தரையைப் பார்த்தபடி இருந்தார். உதட்டைப் படிக்கக் கூடாது என்று நான் எப்போதும் அவரைக் கண்டிப்பேன். அன்று கண்டிக்க ஆளில்லாமலே அவராகக் குனிந்துகொண்டார். குரலை மட்டும் கேட்க வேண்டும் என்றிருந்தார் போல.

"ஆறு பதினாறு தொண்ணூத்தாறு. ஏழு பதினாறு நூத்திப் பத்து..."

"நூத்திப் பன்னெண்டு" என்று கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஷாஹின் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திச் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வேலை வாழ்க்கையில் நான் வைத்த டெஸ்ட்டுகளிலேயே தாளில் எழுதாத டெஸ்ட் அது ஒன்றுதான். அவருக்குக் கேட்டது. அன்று அவருக்கு நன்றாகவே கேட்டது.

சிலேட்டு

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று கடிதம் வந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. காது போய்விட்டது. நாலைந்து வருஷம் முன்னதாக வந்திருந்தால் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க எத்தனையோ நாள் பார்த்தேன். முடியவில்லை.

மூன்று மாதம் அவர் முன்னால் போகவே எனக்குத் துணிவில்லை. வேங்கிக்காலில் என் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு வரும் வழியில் அவர் பூத் இல்லாதது அல்லாவும் அண்ணாமலையாரும் சேர்ந்து எனக்குச் செய்த உபகாரம் என்றுகூட நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பினேன்.

பூத்தில் மும்தாஜ் போன் போட்டுக்கொண்டிருந்தாள். பாய் வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் ஷாஹினின் பழைய சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அதில் நம்பரை எழுதுவார்கள். அவர் அதை மும்தாஜிடம் காட்டுவார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சிரித்தார். ஆபரேஷனில் முக நரம்பும் அடிபட்டிருந்ததால் சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில்தான் வந்தது.

சிலேட்டை வாங்கினேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எழுதினேன்.

'முதல் பிலிமைக் கொண்டு வர வேண்டாம் என்று சொன்னது நான். எல்லாவற்றையும் நீங்கள் கொண்டு வந்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது.'

அவர் படித்தார். மறுபடி படித்தார். உள்ளங்கையால் அதை அழித்தார். பிறகு பேசினார். தன் குரல் தனக்கே கேட்காததால் ரோட்டுக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"அன்னிக்கு நீங்க திட்டினீங்களே மேடம், மூட்டை எதுக்குன்னு. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? வலது காத சின்ன வயசுல காட்டப் போனப்போ டாக்டருங்கல்லாம் எங்கம்மாகிட்ட ரொம்ப அன்பா பேசினாங்க. அன்பா பேசினாலே கெட்ட சேதின்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க வள்ளுனு விழுந்ததும், பெருசா ஒண்ணும் இல்ல போல, அதான் இந்தம்மா இப்படித் திட்டுதுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் மும்தாஜ்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சேன். அஞ்சு வருஷம் அந்தத் திட்ட நெனச்சுத்தான் நிம்மதியா தூங்கினேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கிளினிக்கில் இருந்த கார்டு அத்தனையையும் எடுத்து, 'மா.இ.' என்று எழுதியிருந்த ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, நோயாளிகளிடமிருந்து எண்ணைக் கேட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அதிலிருந்து ஓய்வு பெறும் வரை, என் வியூ பாக்ஸில் எந்தக் கட்டியானாலும் முதல் பிலிம்தான் முதலில் ஏறும். புதுசை அதன் பக்கத்தில் மாட்டிய பிறகுதான் நடுவில் இருப்பவை. இன்று கம்ப்யூட்டரே அளந்து சொல்கிறது என்கிறீர்கள். நல்லது. எதோடு ஒப்பிட்டு அளந்தது என்று அதனிடமும் ஒரு தடவை கேளுங்கள். மாற்றமில்லை என்று எழுதப் போகும் கை, எந்த நாளிலிருந்து மாற்றமில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நோயாளிகளிடம் பிறகும் நான் கோபித்துக்கொள்ளாமல் இல்லை. பிறவிக் குணம் எங்கே போகும்? ஆனால் படியேறி வருகிறவர் கையில் ஒரே ஒரு கவர் இருந்தால்தான் கோபம் வரும்.

"மூட்டை எங்கே?" என்று கேட்பேன். "போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. உக்காந்திருக்கேன்."